ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம், கால்வாய்க்கு அந்தப் பக்கம்: வட சென்னையில் நடைபாதைகளும் மிதிவண்டிப் பாதைகளும் அறுபடும் இடங்கள்

வட சென்னையின் வரைபடத்தைக் கிழக்கிலிருந்து மேற்காகப் பார்த்துக்கொண்டு வந்தால், வடக்கு நோக்கி நீளும் கோடுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குறுக்கிடும். முதலில் கடலும் காசிமேடு மீன்பிடித் துறைமுகமும். அதை ஒட்டிக் கன்டெய்னர் டிரெய்லர்கள் ஓடும் எண்ணூர் விரைவுச் சாலை. அடுத்து, ஊரார் டி.எச். ரோடு என்று சொல்லும் திருவொற்றியூர் நெடுஞ்சாலையும் அதன் போக்கிலேயே செல்லும் மெட்ரோவும். அதற்கு மேற்கே கும்மிடிப்பூண்டி மார்க்கத்தின் இருப்புப்பாதை. பிறகு பக்கிங்காம் கால்வாய். அதையும் தாண்டினால் வியாசர்பாடி, எம்.கே.பி. நகர், கொடுங்கையூர், மணலி. இந்தக் கோடுகளில் எதையும் நீளவாக்கில் பிடித்துக்கொண்டு எப்படியோ போய்விடலாம். குறுக்கே போவதுதான் பாடு. கொடுங்கையூரில் குடியிருப்பவருக்கு டி.எச். ரோடு மெட்ரோ பறவை பறக்கும் தொலைவில் அருகில்தான் இருக்கிறது. ஆனால் அவர் நடந்தோ சைக்கிளிலோ அங்கே போக வேண்டுமானால் முதலில் கால்வாய்க்கு ஒரு பாலமும், பிறகு தண்டவாளத்துக்கு ஒரு கேட்டோ சுரங்கப்பாதையோ கிடைக்க வேண்டும். இரண்டும் ஒரே நேர்கோட்டில் கிடைப்பது அரிது.

நகரத்தின் நடைபாதைகளையும் மிதிவண்டிப் பாதைகளையும் விரிவாக்குவது பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் எத்தனை கிலோமீட்டர் என்ற கேள்விதான் முதலில் வருகிறது. வட சென்னையைப் பொறுத்தவரை அந்தக் கேள்வியே தவறான இடத்தில் தொடங்குகிறது என்பது என் எண்ணம். இங்கே குறைவாக இருப்பது பாதையின் நீளம் மட்டுமன்று. பாதைகளை ஒன்றோடொன்று கோக்கும் குறுக்குவழிகள்.

பாதைகள் ஒன்றோடொன்று சேர்ந்து வலையாக இயங்குவதற்கும் தனித்தனித் துண்டுகளாகக் கிடப்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் காருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நடுவில் நூறு மீட்டர் சாலை இல்லாத நெடுஞ்சாலையை எந்த அரசும் திறந்துவைக்காது. நடப்பவருக்கு மட்டும் அது வழக்கமாகிவிட்டது. மூன்று கிலோமீட்டருக்கு அகலமான நடைபாதை அமைத்து ஒரு சந்திப்பில் மட்டும் நூறு மீட்டருக்கு அதை விட்டுவிட்டால், டிரெய்லருக்கு அருகில் மகளை அனுப்ப அஞ்சும் தாய் அந்த நூறு மீட்டரோடு சேர்த்து மூன்று கிலோமீட்டரையும் கைவிட்டுவிடுகிறார். ஒரு பயணம் எவ்வளவு பாதுகாப்பானது என்பதை அதன் மிக மோசமான துண்டே முடிவு செய்கிறது. இதை நடைமுறையில் காட்டிய நகரங்களில் ஒன்று ஸ்பெயினின் செவில். 2006-இல் தொடங்கி நான்கைந்து ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 120 கிலோமீட்டர் மிதிவண்டிப் பாதையை, காரிலிருந்து தடுப்பால் பிரித்து, தொடக்கத்திலிருந்தே ஒன்றோடொன்று இணையும்படி அந்நகரம் அமைத்தது. அதற்கு முன் மொத்தப் பயணங்களில் அரை விழுக்காட்டை ஒட்டியிருந்த மிதிவண்டியின் பங்கு அந்தச் சில ஆண்டுகளில் ஆறு விழுக்காட்டைத் தாண்டியது. வெயில் கொளுத்தும், மிதிவண்டிப் பழக்கமே இல்லாத ஊர் அது. ஆண்டுக்கு ஒரு தெரு என்று துண்டு துண்டாகப் போட்டிருந்தால் அந்த மாற்றம் வந்திருக்குமா என்பது ஐயமே.

சென்னைக்குக் கொள்கை இல்லாமல் இல்லை. இயந்திரமில்லாப் போக்குவரத்துக்கென்று தனியே ஒரு கொள்கையை 2014-இல் சென்னை மாநகராட்சி ஏற்றது. இந்திய நகரங்களில் அப்படிச் செய்த முதல் நகரம் இதுதான். போக்குவரத்துக்கான நிதியில் அறுபது விழுக்காட்டை நடைபாதைகளுக்கும் மிதிவண்டிப் பாதைகளுக்கும் ஒதுக்க வேண்டும், 2018-க்குள் எண்பது விழுக்காட்டுத் தெருக்களில் நடைபாதை இருக்க வேண்டும், நடப்போரும் மிதிவண்டியில் செல்வோரும் சாலையில் உயிரிழப்பதை முற்றிலும் ஒழிக்க வேண்டும் என்பன அதன் இலக்குகள். அந்தக் கொள்கையால் நடைபாதைகள் அகலமானது உண்மை. 2019 நவம்பரில் திறக்கப்பட்ட பாண்டி பஜார் நடைபாதை வளாகம் பலருக்கு நினைவில் இருக்கும். ஆனால் நடைபாதைப் பணி நீளத்தால் அளக்கப்பட்டு, நீளத்தால் ஒப்பந்தம் விடப்பட்டு, நீளத்தால் பணம் கொடுக்கப்படுகிறது. எனவே எளிதில் நீட்ட முடிந்த இடத்தில் அது நீள்கிறது. தண்டவாளமோ கால்வாயோ இன்னொரு துறையின் மதில் சுவரோ எதிர்ப்படும் இடத்தில் நின்றுவிடுகிறது. நேரான, அகலமான, ஒரே துறைக்குச் சொந்தமான சாலைகள் நகரத்தின் மையத்திலும் தெற்கிலும் மிகுதி. வடக்கு பின்தங்கியதற்கு அரசியல் காரணங்கள் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. அதோடு இந்த அளவுகோலும் சேர்ந்துகொண்டது.

இத்தனைக்கும், நடப்பதும் மிதிப்பதும் இங்கே பொழுதுபோக்கு அன்று. 1970-இல் சென்னையில் மேற்கொள்ளப்பட்ட பயணங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று மிதிவண்டியில் நடந்தது. நடைப் பயணமும் அதே அளவு இருந்தது. பின்வந்த ஆண்டுகளில் மிதிவண்டி விட்ட இடத்தை மோட்டார் சைக்கிள் பிடித்துக்கொண்டது. ஆனால் அது எல்லாரையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிவிடவில்லை. வண்ணாரப்பேட்டையின் பட்டறைகளுக்கும், கொருக்குப்பேட்டையின் கிடங்குகளுக்கும், காசிமேட்டின் ஏலக்கூடத்துக்கும் இன்றும் ஆட்கள் சைக்கிளில் வருகிறார்கள். கேரியரில் வண்ண வண்ணப் பிளாஸ்டிக் குடங்கள், தண்ணீர் கேன், எரிவாயு உருளை, இரும்புக் கழிவு என்று சுமை இல்லாத சைக்கிளைப் பார்ப்பதே அரிது. மீன்பாடி வண்டி என்று ஒன்று இருக்கிறது. மூன்று சக்கரச் சுமைவண்டி, இப்போது பெரும்பாலும் பழைய இருசக்கர வாகனத்தின் இயந்திரம் பொருத்தப்பட்டது. சட்டத்தின் கண்ணில் அதற்கு இடமில்லை, தெருவில் அது இல்லாத இடமில்லை. காலையில் உடற்பயிற்சிக்காக ஓட்டுபவரை மனத்தில் வைத்து வரையப்படும் ஒன்றரை மீட்டர் மிதிவண்டித் தடத்தில் இந்தச் சுமைகள் போக முடியாது.

இன்னொரு கூட்டம் பள்ளி மாணவர்கள். 2001-02-இல் பட்டியலின, பழங்குடி மாணவிகளுக்கெனத் தொடங்கிப் பின்னர் அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர் அனைவருக்கும் விரிவாக்கப்பட்ட திட்டத்தில், பிளஸ் ஒன் சேரும் பிள்ளைகளுக்கு அரசே விலையில்லா மிதிவண்டி தருகிறது. மிதிவண்டியைக் கொடுத்த அரசு, அதை ஓட்டிச் செல்லப் பாதுகாப்பான இடத்தை ஒதுக்கியிருக்கிறதா என்று ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியைச் சுற்றியும் இரண்டு கிலோமீட்டர் வட்டம் போட்டுப் பார்த்தால், எங்கே முதலில் வேலை தொடங்க வேண்டும் என்பதற்கு வேறு ஆய்வே வேண்டியதில்லை.

இனித் தண்டவாளத்துக்கு வருவோம். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் இராயபுரத்திலிருந்து கிளம்பியது என்பதை வட சென்னைக்காரர்கள் பெருமையோடு சொல்வதுண்டு. அந்தப் பெருமையின் மறுபக்கம், துறைமுகக் கிளைகளும் சரக்கு முற்றங்களும் புறநகர்ப் பாதையும் சேர்ந்து பழைய வண்ணாரப்பேட்டையையும் கொருக்குப்பேட்டையையும் தண்டையார்பேட்டையையும் தனித்தனித் தீவுகளாக்கிவிட்டன என்பது. கேட் மூடியிருக்கும்போது சரக்கு வண்டியும் புறநகர் வண்டியும் அடுத்தடுத்து வந்தால் காத்திருப்பு நீள்கிறது. அவசரக்காரர்கள் தடுப்புக் கம்பிக்கு அடியில் குனிந்து போகிறார்கள். சைக்கிளைச் சாய்த்து இழுத்துக்கொண்டும் போகிறார்கள். மேம்பாலம் கட்டினால் இது தீருமென்று பொதுவாக நம்பப்படுகிறது. வாகனங்களுக்கு அது தீர்வுதான். நடப்பவருக்குப் பெரும்பாலும் இல்லை. காரணம் எளிய கணக்கு. மின்மயமான தண்டவாளத்தின் மேல் மின்கம்பிக்கும் இடைவெளி விட்டுப் பாலம் எழுப்பினால் அது ஆறு மீட்டருக்கு மேல் உயர வேண்டும். சக்கர நாற்காலி ஏறக்கூடிய சரிவு பன்னிரண்டு மீட்டர் நீளத்துக்கு ஒரு மீட்டர் ஏற்றம் என்று கொண்டால், ஒரு பக்கத்துச் சரிவுக்கு மட்டும் எழுபது மீட்டருக்கு மேல் நீளம் தேவை. அந்த இடம் நெருக்கமான தெருக்களில் இல்லாததால் படிக்கட்டு வைக்கப்படுகிறது; படிக்கட்டு வைத்ததும் சைக்கிளும் தள்ளுவண்டியும் மூட்டுவலிக்காரரும் வெளியேறிவிடுகிறார்கள்; அவர்கள் மறுபடியும் தண்டவாளத்தின் மேலேயே கடக்கிறார்கள்.

நடப்போருக்கும் மிதிவண்டிக்கும் மட்டுமான சுரங்கப்பாதை இந்தக் கணக்கில் மேலானது. அதற்கு உள்ளே இரண்டரை மீட்டர் உயரம் போதும். மேற்கூரையின் கனத்தையும் சேர்த்து மூன்றரை மீட்டர் இறங்கினால் சரி. சரிவின் நீளம் ஏறத்தாழ பாதியாகிவிடுகிறது. இறங்கும்போது கிடைக்கும் வேகத்திலேயே மிதிவண்டி பாதி ஏற்றத்தை ஏறிவிடும் என்பது கூடுதல் வசதி. ஆனால் வட சென்னையில் சுரங்கப்பாதை என்றதும் யாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது தண்ணீர்தான். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை பெருமழை பெய்தால் குளமாவது ஆண்டுதோறும் செய்தி. நிலத்தடி நீர் மேலேயே நிற்கும் கடலோரச் சமவெளியில் பள்ளம் தோண்டினால் அது கிணறாகத்தான் பார்க்கும். ஆகவே வாகனச் சுரங்கப்பாதையைவிடக் குறைந்த ஆழம், வாய்ப்பகுதியில் தெருமட்டத்தைவிட உயர்த்திய மேடு, அருகிலேயே வடிகால் இணைப்பு, தடையில்லா மின்சாரத்தோடு பம்பு ஆகியவை இருந்தால் மட்டுமே அது வழி, இல்லையென்றால் பொறி. கொசஸ்தலையாறு வடிநிலத்தில் ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியோடு மழைநீர் வடிகால்கள் அமைக்கப்பட்டு வரும் காலம் இது. அந்த வடிகால் வரைபடத்தையும் நடைப்பாதை வரைபடத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்க இதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலிச் சாலைகளிலும் சிக்கல் வேறு வகையானது. நீண்ட டிரெய்லர் இடதுபுறம் திரும்பும்போது அதன் பின்சக்கரங்கள் முன்சக்கரங்கள் போன தடத்தில் போவதில்லை. வளைவின் உட்பக்கமாக வெட்டிக்கொண்டு வருகின்றன. ஓட்டுநரின் கண்ணாடியில் அந்தப் பக்கவாட்டின் பெரும்பகுதி தெரியாது. சாலையின் இடது ஓரமே பாதுகாப்பு என்று நம்பி நிற்கும் மிதிவண்டிக்காரர் சரியாக அந்த இடத்தில்தான் நிற்கிறார். இத்தகைய சாலையில் வெள்ளைக் கோடு போட்டு மிதிவண்டித் தடம் என்று எழுதுவது ஏமாற்று வேலை. சில நாளில் அது வரிசையில் காத்திருக்கும் லாரிகளின் நிறுத்தமாகிவிடும். கான்கிரீட் விளிம்பால் பிரித்த தடம் வேண்டும். சந்திப்புகளில் மிதிவண்டி நிற்கும் கோடு லாரி நிற்கும் கோட்டுக்குச் சில மீட்டர் முன்னால் இருக்க வேண்டும். இடப்பக்கத் திருப்பத்துக்குத் தனிச் சிக்னல் நேரம் வேண்டும். இவை எதுவும் புதுமையான தொழில்நுட்பம் அல்ல. ஆனால் துறைமுகப் போக்குவரத்தின் வேகத்தைச் சில நொடிகள் குறைக்கும் என்பதால் கடினமான அரசியல்.

பச்சை வழித்தடம் என்று பேசுபவர்களின் கண் உடனே போவது கால்வாய்க் கரைகளின் மேல்தான். அதில் நியாயம் இருக்கிறது. 1806-இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டப்பட்ட, இன்றைய பக்கிங்காம் கால்வாயின் முதல் துண்டு கோக்ரேன் கால்வாய் எனப்பட்டது. பிறகு வடக்கிலும் தெற்கிலும் நீண்டு, 1876-78 தாது வருடப் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக அடையாற்றையும் கூவத்தையும் இணைத்த பிறகு, அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகன் பெயரைப் பெற்றது. காற்றில்லாத நாளில் படகுகளைக் கயிறு கட்டி ஆட்கள் கரையில் நடந்து இழுத்தார்கள். அதாவது, இந்தக் கரை நடப்பதற்காகவே இருந்தது. பேசின் பிரிட்ஜிலிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரை சிக்னல் இல்லாத, லாரி இல்லாத, ஏற்ற இறக்கமில்லாத ஒரு நேர்வழி வேறெங்கும் இல்லை. அயனாவரம், ஓட்டேரி, புளியந்தோப்பு வழியாக வந்து அதில் சேரும் ஓட்டேரி நல்லா என்ற ஓடையையும், வியாசர்பாடிப் பக்கத்துக் கேப்டன் காட்டன் கால்வாயையும் சேர்த்தால் மேற்கிலிருந்தும் கிளைகள் கிடைத்துவிடும்.

ஆனால் கால்வாயும் வடக்கு-தெற்குக் கோடுதான். கரையில் எவ்வளவு அழகான பாதை போட்டாலும், இருபுறமும் வீடுகளின் பின்சுவரும் தொழிற்சாலை மதிலும் அடைத்து நின்று, கிலோமீட்டருக்கு ஒரு வாசல் மட்டும் இருந்தால், அது காலை ஆறிலிருந்து ஏழரை வரை நடைப்பயிற்சிக்கு உதவும். மாலை ஏழு மணிக்கு வேலை முடிந்து வரும் பெண் அதில் இறங்க மாட்டார். எந்த இடத்திலும் சில நிமிட நடையில் வெளியேற முடிய வேண்டும், பக்கத்துத் தெருவிலிருந்து பாதை கண்ணில் பட வேண்டும், விளக்கு எரிய வேண்டும். எனவே கால்வாய்த் திட்டத்தின் உண்மையான செலவு கரையில் இல்லை; கரைக்குக் குறுக்கே போடப்படும் சிறு நடைபாலங்களில் இருக்கிறது. கார் போகாத, மூன்று நான்கு மீட்டர் அகலமுள்ள பாலங்கள் அவை. அவை வந்துவிட்டால் கரைப்பாதை தானாகப் பயன்பாட்டுக்கு வரும். அவை இல்லாமல் கரைப்பாதை வந்தால் பூங்காத் திட்டமாக முடியும்.

கரையில் மனிதர்கள் குடியிருக்கிறார்கள் என்பதைக் கடைசியில் சேர்க்கும் அடிக்குறிப்பாக வைத்துவிட முடியாது. சென்னையில் நீர்நிலைச் சீரமைப்பு என்ற சொல்லின் பின்னால் பல ஆண்டுகளாக, கரையோரக் குடும்பங்களை அகற்றிக் குடியமர்த்திய கண்ணகி நகரும் பெரும்பாக்கமும் நிற்கின்றன. வட சென்னையில் வேலையும் பள்ளியும் உள்ள குடும்பத்துக்கு நகரின் மறுகோடியில் வீடு கொடுத்துவிட்டு, அவர்கள் இருந்த இடத்தில் நடைபாதை போட்டால், நடந்தே வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவரைப் பேருந்தில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்து நடைப்பயணத்தை வளர்த்ததாகக் கணக்கு எழுதுகிறோம் என்றே பொருள். எல்லாக் கரையிலும் குடியிருப்பு இல்லை. இருக்கிற இடத்தில் பாதை ஒரு கரையை விட்டு மறுகரைக்குத் தாவலாம், அல்லது குடியிருப்பின் உள்தெருவையே பாதையாகக் கொள்ளலாம். இத்தகைய உள்தெருக்களில் ஏற்கெனவே சைக்கிளும் குழந்தைகளும்தான் நிறைந்திருக்கிறார்கள். வேகத்தடுப்பும் சமதளமும் விளக்கும் மட்டுமே அங்கே தேவை. நடைபாதையில் கடை போட்டிருப்பவர்களுக்கும் இது பொருந்தும். 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் அவர்களுக்கு இடம் ஒதுக்கச் சொல்கிறது. வியாபாரி நிற்கும் அகலத்தைத் தனியே கணக்கிட்டு, அதற்கு மேல் தடையில்லாமல் நடக்க 1.8 மீட்டர் விடுவதுதான் இந்திய சாலைகள் குழுமத்தின் நெறிமுறைக்கு ஒத்துப்போகும் வடிவமைப்பு. இரவு எட்டு மணிக்குத் தெருவில் ஆள் நடமாட்டத்தைத் தருபவர்களும் அந்தக் கடைக்காரர்கள்தான்.

வெள்ளம், நிழல், மாசு ஆகிய மூன்றும் கரைப்பாதையின் கட்டுமானத்தைத் தீர்மானிப்பவை. மழைக்காலத்தில் பாதை நீரில் மூழ்கும் என்பதை ஏற்றுக்கொண்டே, மூழ்கி எழுந்தாலும் பெயராத மேற்பரப்பை இட வேண்டும். கரையை உயர்த்திச் சுவர் எழுப்பினால் தண்ணீர் தெருவுக்குள் திரும்பும். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் மணலித் தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை படிந்ததைப் பார்த்தவர்களுக்கு, இந்தக் கரையில் ஓய்வுப் பூங்கா என்ற பேச்சு எவ்வளவு அந்நியமாகப் படும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. நிழலைப் பொறுத்தவரை, சித்திரை வெயிலில் மரமில்லாத கான்கிரீட் பாதை பகல் பத்து மணிக்கு மேல் வெறுமையாகவே கிடக்கும். புங்கமும் பூவரசும் உப்புக் காற்றைத் தாங்கும். அலங்காரப் பனைகள் நிழல் தராது.

மெட்ரோவுக்கு வருவோம். 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை ஒன்பது கிலோமீட்டர் நீட்டிப்பு திறக்கப்பட்டது வட சென்னைக்குப் பெரிய வரவு. ஒரு நிலையத்துக்கு நடந்து வர மக்கள் ஒப்புக்கொள்ளும் தொலைவு அரை கிலோமீட்டரிலிருந்து ஒரு கிலோமீட்டர். அதே பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் மிதிவண்டியில் இரண்டு மூன்று கிலோமீட்டர் வரலாம். ஆரம் மூன்று மடங்கானால் பரப்பு ஒன்பது மடங்காகும் என்பது பள்ளிக் கணக்கு. டி.எச். ரோட்டு நிலையங்களுக்கு அந்த வட்டத்தின் கிழக்குப் பக்கம் கடலில் விழுகிறது. மேற்குப் பக்கம் தண்டவாளத்தில் மோதி நிற்கிறது. எனவே ஒவ்வொரு குறுக்குவழியும் மெட்ரோவின் பயணிகள் எண்ணிக்கையைக் கூட்டக்கூடிய முதலீடு. மாதவரம் பால்பண்ணையிலிருந்து மூலக்கடை, பெரம்பூர் வழியாக வரவிருக்கும் இரண்டாம் கட்டப் பாதைக்கும் இதே கணக்கை இப்போதே போடலாம். நிலைய வாசல் எந்தப் பக்கம் திறக்கும் என்பது கட்டி முடித்த பிறகு மாற்றக்கூடிய காரியம் அன்று.

யார் செய்வது என்பதில்தான் முடிச்சு இருக்கிறது. உட்தெரு மாநகராட்சிக்கு, கால்வாய் நீர்வளத் துறைக்கு, தண்டவாளம் ரயில்வேக்கு, சில பெருஞ்சாலைகள் நெடுஞ்சாலைத் துறைகளுக்கு, நிலைய வளாகம் மெட்ரோ நிறுவனத்துக்கு. கொடுங்கையூரிலிருந்து தண்டையார்பேட்டைக்கு ஒரு நேர்ப்பாதை போட நினைத்தால் இவர்களில் பெரும்பாலோரின் ஒப்புதல் வேண்டும். இவர்களை ஒரே மேசையில் உட்கார வைக்கவென்றே 2010-இல் சட்டம் இயற்றப்பட்டு, நீண்ட தாமதத்துக்குப் பிறகு இயங்கத் தொடங்கியிருக்கிறது சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம். 2023-இல் ஆயிரம் கோடி ரூபாய் அறிவிப்பாகத் தொடங்கி, 2024 மார்ச்சில் 4,181 கோடி ரூபாய்த் திட்டமாக வளர்ந்த வட சென்னை வளர்ச்சித் திட்டத்தில் பணமும் இருக்கிறது. அந்தப் பட்டியலின் ஒவ்வொரு பாலம், பேருந்து நிலையம், பள்ளிக் கட்டடம், மருத்துவமனைக் கட்டடத்துக்கும் பக்கத்தில், அதற்கு எந்தெந்தப் பேட்டையிலிருந்து நடந்தும் சைக்கிளிலும் தடையில்லாமல் வர முடியும் என்று இன்னொரு பத்தி சேர்த்தால் போதும். வெற்றுப் பத்தியாக நிற்கும் இடங்களே அடுத்த பணிகள்.

கட்டிய பிறகு பராமரிப்பது யார் என்பது ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பே எழுத்தில் வர வேண்டும். ரயில்வே நிலத்துக்கு அடியில் மாநகராட்சிப் பணத்தில் கட்டப்படும் ஒரு சுரங்கப்பாதையில், ஐப்பசி மழையின் நள்ளிரவில் பம்பைப் போட வேண்டியவர் எந்த அலுவலகத்தின் ஊழியர், அவருக்கு மின்சாரக் கட்டணம் எந்தத் தலைப்பில் வரும், விளக்கு அணைந்தால் எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும் ஆகிய மூன்றுக்கும் விடை எழுதப்படாத வரைபடத்துக்கு அந்தப் போக்குவரத்துக் குழுமம் ஒப்புதல் தரக்கூடாது.